சிமென்ட் சீட்டில் இருந்த தேதி

பக்கத்து மனையில் மாடி எழும்புகிறது. சென்ட்ரிங் பலகைக்குப் பூசும் பழைய இன்ஜின் ஆயில் வாசனை காலையிலிருந்து என் அறைக்குள் நிற்கிறது. சன்னலைச் சாத்தியும் போகவில்லை. கள்ளிக்குப்பத்தில் நம் தெருவுக்குள் நீ சைக்கிளில் நுழையும்போது இதே வாசனைதான் உனக்கு முன்னால் வரும். அதனால் எழுதுகிறேன். படிக்க நீ இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்களில் நீ சென்ட்ரிங் மேஸ்திரி, நான் ஆராய்ச்சி மாணவன். கட்டட வேலையைக் கம்ப்யூட்டரால் சீராக்கப் போகிறேன் என்று திரிந்தேன். புதிதாகப் போட்ட எந்தத் தளத்தைத் தாங்கும் முட்டுகளை என்றைக்குப் பிரிக்கலாம் என்று தினமும் அச்சடித்துக் கொடுக்கும் ஒரு புரோகிராம். பாடிக்குப் பக்கத்தில் நீ வேலை பார்த்த அடுக்குமாடிக் கட்டடத்தில், உன் சிபாரிசில்தான் இடம் கிடைத்தது. தகரக் கொட்டகையில் கம்ப்யூட்டரை இறக்கியதும் அதற்குக் கற்பூரம் காட்டினாய். "நம்ம மச்சான் பொட்டிடா, அதுவே பேசும் பாரு" என்று ஆட்களிடம் பீற்றிக்கொண்டாய்.

தளம் போட்ட தேதியை அங்கே யாரும் ஒழுங்காக எழுதுவதில்லை. குடோனில் சிமென்ட் எடுக்கும் சீட்டு மட்டும் தவறாது. எடுத்த அன்றே தளமும் போட்டுவிடுவார்கள் என்பதால் அந்தத் தேதியையே புரோகிராமுக்குக் கொடுத்தேன். என் சாமர்த்தியத்தைப் பேராசிரியரே மெச்சினார். அந்த ஐப்பசியில் போர்டிகோவுக்குச் சிமென்ட் எடுத்த அன்று பிடித்த மழை எட்டு நாள் விடவில்லை. ஒன்பதாம் நாள்தான் தளம் போட்டார்கள். நீ அப்போது ஆவடியில் வேறொரு வேலையில் இருந்தாய். மழை பெய்தது எனக்குத் தெரியும். அதையும் சீட்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் புத்தி இல்லை.

பேராசிரியர் பார்வையிட வந்த காலை, பதினான்கு நாள் முடிந்தது, போர்டிகோவைப் பிரிக்கலாம் என்று தாள் சொன்னது. ஆவடி வேலை முடிந்து வந்திருந்த நீ அண்ணாந்து பார்த்தாய்.

"இன்னா மச்சான், தளம் இன்னும் இறுகாம பச்சையா கீதே?"

"பதினாலு நாள் ஆயிடுச்சுடா. பேப்பர்ல இருக்கு பார்."

தூரத்தில் நின்ற பேராசிரியரை ஒரு முறை பார்த்தாய். "சரி, உன் பொட்டி சொன்னா சரிதான். பெரிய மன்சன் முன்னால நீ மூஞ்ச தொங்கப் போட்டுகினு நின்னா எனுக்கு நல்லாவா கீது?" ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நீயே உள்ளே போனாய். கடைசி முட்டைத் தட்டியதும் போர்டிகோ முழுசாக இறங்கியது.

மேஸ்திரியின் கவனக்குறைவு என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. தளம் போட்ட தேதிக்கென்று புரோகிராமில் ஒரு கட்டம் சேர்த்தேன். நல்ல மேம்பாடு என்று பாராட்டிப் பட்டம் கொடுத்தார்கள். எந்தக் கட்டடத்திலும் அதை யாரும் வாங்கவில்லை. வாங்கியிருந்தாலும் அந்தக் கட்டத்தில் ஒரு பொய்த்தேதியைப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று உன் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டாள். "பாத்தாலே தெரியும்னு ஊர்க்கெல்லாம் சொல்லிகினு கெடந்தாரே. அன்னிக்கு ஒரு வார்த்தகூடவா சொல்லலண்ணா?"

"இல்லம்மா" என்றேன்.

நெமிலிச்சேரியில் தாய்வீட்டோடு தங்கிவிட்டாள். இரண்டு முறை அந்த ஸ்டேஷனில் இறங்கி, அடுத்த ரயிலிலேயே திரும்பியிருக்கிறேன். இனிமேல் போய்ச் சொல்வேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. இன்றைக்கும் அவளுக்கு நீ, பார்க்காமல் கைவைத்தவன்.