மாப்பிள்ளைக்குக் குறையில்லை

அன்பு மனைவிக்கு,

உன் கணவன் எழுதுவது. இந்த வாரம் மூன்று முறை உன்னைப் போனில் அழைத்தேன். மூன்று முறையும் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உன் அக்கா வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். எங்கள் தீவன லாரி ஓட்டுநர் அந்த வழியாகப் போகிறார். நாளைக் காலை இதை உன் கையில் தந்துவிடுவார். உறைக்குள் இன்னொரு தாளும் இருக்கிறது. முதலில் கடிதத்தைப் படி.

பண்ணையில் பெரிய செய்தி, மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டான். உனக்கு நினைவிருக்கும், நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள கறுப்பு ஆண் குதிரை. தின்பதும் கனைப்பதும் தவிர வேறு வேலை கிடையாது என்பதால் லாயக்காரர் அவனுக்கு வைத்த பெயர் அது. இரண்டு பருவங்களாக அவனால் ஒரு குதிரையும் சினைப்படவில்லை. ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் பெண் குதிரையின் எண்ணுக்கு எதிரே ‘காலி’ என்று நான்தான் எழுதினேன். அப்படி ஏழு குதிரைகளை விற்றார்கள். அவனையும் சோதிக்கலாமே என்று கால்நடை டாக்டரம்மா சொன்னபோது முதலாளி சிரித்தார். “நல்ல வம்சம்மா அது. மாப்பிள்ளைகிட்ட என்ன குறை இருக்கப்போகுது? பொண்ணுங்கதான் சரியில்ல” என்றார். விற்ற ஏழில் நான்கு வேறு இடங்களில் குட்டி போட்ட பிறகுதான் அவர் வாய் அடைத்தது.

அதன் பிறகு அவனுக்கு நடந்த உபசாரத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நெஞ்செலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, ஸ்டெம் செல்களைப் பிரித்து, மூன்று வாரம் வளர்த்து, விதைக்குள் ஊசியால் செலுத்தினார்கள். கெட்ட இடத்தை அவை சரிசெய்யக்கூடும், நிச்சயமில்லை, இன்னும் சோதனை நிலையில் இருக்கும் சிகிச்சை என்று டாக்டரம்மா முன்பே சொல்லிவிட்டார். பலன் தெரிய இரண்டு மாதம். அதுவரை லாயத்துப் பக்கம் யாரும் உரக்கப் பேசக் கூடாது என்று உத்தரவு. இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிர முடியாத லாயக்காரருக்கு ஒரு நாள் விடுப்பு கிடையாது. ஒருவர்கூட அந்தக் குதிரையை மலடு என்று சொல்லவில்லை. ‘கொஞ்சம் அசதி’ என்றார்கள்.

மலடி என்ற சொல்லை நம் வீட்டில் எத்தனை முறை கேட்டிருப்பாய்? மலடன் என்றும் ஒரு சொல் இருக்கிறது. அதை யாரும் யார் முகத்தைப் பார்த்தும் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா உன் தட்டைப் பார்த்து, “திங்கிறதுக்கு மட்டும் குறைச்சல் இல்ல” என்று சொன்ன அன்று நான் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் கேட்டேன். உன்னிடம்தான் கேட்டேன்.

உன் சோதனைகள் எல்லாம் சரியாக வந்த பிறகு, என்னையும் பார்த்துவரச் சொன்னார் உன் டாக்டர். ‘பண்ணையிலேயே பாத்துட்டேன், எல்லாம் நார்மல்’ என்றேன். விந்தைச் சோதிப்பதையே தொழிலாகச் செய்பவன் சொன்னதால் நீ நம்பினாய். டாக்டரிடமும் அதையே சொன்னாய். பார்த்தது உண்மை. நுண்ணோக்கியில் ஒன்றுமே இல்லை. ஓடுவதும் இல்லை, செத்துக் கிடப்பதும் இல்லை. கண்ணாடித் தகடு குளிர்ந்திருந்தது, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குளிர்ந்த தகட்டில் விந்தணு அசையாமல் நின்றுபோகும், காணாமல் போகாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு அது தெரியும். பதினான்கு மாதம் ஆகிறது.

போன செவ்வாய்க்கிழமை நீயே போனில் அழைத்து, வருகிற திங்கட்கிழமை வயிற்றில் துளைபோட்டுப் பார்க்கப்போகிறார்கள் என்றாய். “எல்லாம் நல்லாத்தான் இருக்காம், அப்புறம் ஏன்னு உள்ளே பாத்தாத்தான் தெரியுமாம். பயமா இருக்குங்க” என்றாய். மறுநாள் காலை, தகட்டை முறையாகச் சூடாக்கி மறுபடி பார்த்தேன். வெறும் வெளி. அன்றைக்குத்தான் மாப்பிள்ளைக்கும் சிகிச்சைக்குப் பிந்தைய முதல் சோதனை. முதலில் எண், பிறகு துளி என்பது இங்கே விதி. பதற்றத்தில் அவன் தகட்டில் எண் எழுத மறந்தேன். என்னுடையதில் எழுத எண்ணே கிடையாது. இரண்டும் சூட்டுப் பலகையில் அருகருகே இருந்தன. முதலாளிக்குக் கதவு திறந்துவிட்டுத் திரும்பினால், டாக்டரம்மா என்னுடையதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். “முன்னாடி நாலஞ்சாவது இருந்துச்சு, இப்ப அதுவும் போச்சே” என்றார். முதலாளி யோசிக்கவே இல்லை. “காயடிச்சு வித்துருங்க” என்றார்.

மதியம் அவனுக்கு மயக்க ஊசி ஏற்றப்போகும் வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு, அது குதிரையோடது இல்ல, என்னோடது என்று சொல்லிவிட்டேன். லாயக்காரர் முதலில் சிரித்துவிட்டார், “அட, அப்ப நீயும் மாப்பிள்ளைதானா” என்று. என் முகத்தைப் பார்த்ததும் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். குதிரையிடம் புதிதாக மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். நிறைய இல்லை, ஆனால் ஓடிக்கொண்டிருந்தன. ஊசியாலா, தானாகவா என்று ஒரே குதிரையை வைத்துச் சொல்ல முடியாதாம். எனக்கும் அந்த ஊசி போடலாமா என்று கேட்டேன். மனிதர்களுக்கு அது இன்னும் வரவில்லை, யாராவது போடுகிறேன் என்றால் நம்பாதே என்றார் டாக்டரம்மா. கையைக் கழுவிக்கொண்டே, “மனுஷங்க பாக்கிற லேப்ல போய்ப் பாரு. வீட்டுல சொல்லிட்டியா?” என்று கேட்டார்.

நேற்று போய்ப் பார்த்தேன். உறைக்குள் இருப்பது அந்த அறிக்கை. பூஜ்யம் என்று இருக்கும், அச்சுப்பிழை இல்லை. அம்மாவிடம் காட்டினேன். “அவளைக் காப்பாத்துறதுக்காகச் சொல்றே” என்று, படிக்கத் தெரியாதவளைப் போலத் திருப்பித் தந்தாள்.

குதிரைக்காக அரை நாளில் திறந்த வாய், உனக்காகப் பதினான்கு மாதம் திறக்கவில்லை.

திங்கட்கிழமை அந்த மேசையில் படுக்காதே. தாளை உன் டாக்டரிடம் காட்டு. உன் அக்காவிடம் காட்டு. அம்மா உன்னைப் பற்றிப் பேசிய எல்லோரிடமும் காட்டு. அந்தச் சொல்லை என் முகத்தைப் பார்த்துச் சொல்ல நினைத்தால் சொல், கேட்டுக்கொள்கிறேன். நீ வருவதும் வராததும் உன் விருப்பம். அதைப் பற்றி நான் எழுதமாட்டேன். பதிவேட்டில் அந்த ஏழு ‘காலி’யையும் அடித்துவிட்டேன். லாரி வாசலில் பத்து நிமிடம் நிற்கும். பதில் வேண்டாம். படித்துவிட்டேன் என்று மட்டும் ஓட்டுநரிடம் சொல்லி அனுப்பு.

உன் உடம்பில் ஒரு குறையும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. நீ நன்றாக இரு.

இதை முன்பே எழுதியிருக்க வேண்டிய,
உன் கணவன்