பென்சில் கோடு

கவிஷா அப்பா,

நைட் டியூட்டி முடித்துத் தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. தம்பிப் பாப்பாவைக் கண்டி ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி, நேற்று நிறை பார்த்த கிளினிக் மிஸ் துண்டுச் சீட்டு கொடுத்தார். போகிறேன். சோறும் பருப்பும் மூடி வைத்திருக்கிறேன்.

"நிறை கூடுது, கோடு ஏறுதுதானே? அப்புறம் என்ன?" என்று நேற்றுக் கத்தினீர்கள். ஏறுகிறதுதான். கவிஷாவின் பழைய நிறை கார்டை அவன் கார்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறந்து இதே ஐந்து மாதத்தில் அவள் கோடு ஹந்தானை மலை ஏற்றம் மாதிரி நிமிர்ந்து போகிறது. தம்பியுடையது படுத்தபடி போகிறது.

ஒன்றரைக்குக் கவிஷாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வாருங்கள்.

போன மாதம் "இனி அக்கா மாதிரி ஏறுவான்" என்று அவன் கார்டில் நீங்கள் பென்சிலால் ஒரு கோடு நீட்டினீர்களே. நேற்று வைத்த புள்ளி அதற்கு வெகு கீழே விழுந்தது. மிஸ் அந்தக் கோட்டை அழிக்கப் போனார். "இருக்கட்டும் மிஸ்" என்றேன்.