கெனூவுக்கு எத்தனை எலுமிச்சம்பழம்

5 ஜூன் 1987, வெள்ளி

வெயில். மழை பெய்து பத்து நாளாகிறது. வேலை விட்டு வந்து கொடியில் துணி எடுத்தால் அத்தனையும் அப்பளம். மகள் தேவியின் பள்ளிக் காலணிக்கு வெள்ளையடிக்க வேண்டும். கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது.

சாப்பிடும்போது இவர் மெதுவாக ஆரம்பித்தார். கெனூ வாங்கப் போகிறாராம், துடுப்புப் போடுகிற சின்னப் படகு. கெனூ! போன மாதம் கம்பெனி குடும்ப நாளில் ஏரியில் ஒரு சுற்று துடுப்புப் போட்டார். அன்றிலிருந்து மனுஷன் நிலையில் இல்லை. ரவாங் ஃபேக்டரியில் பன்னிரண்டு வருஷமாக மெஷின் பக்கத்தில் நிற்கிறவர். வீட்டில் இரண்டு தரம் கூப்பிட்டால்தான் திரும்புவார், காது அப்படி. "தண்ணி நடுவுல சத்தமே இல்ல சரசு. என் மூச்சு எனக்கே கேட்டுச்சு."  ரசம் ஊற்றினேன்.

நீச்சல் தெரியுமா என்றேன். தெரியுமாம். பத்தாங் காலி எஸ்டேட் கால்வாயில் பழகியதாம். அந்தக் கால்வாயை நான் பார்த்திருக்கிறேன். முழங்கால் நனையாது.

எனக்குத் தண்ணீர் என்றாலே பயம், அதை மறைக்கவில்லை. ராசா ஊர்ப் பள்ளியில் படிக்கும்போது என் பெஞ்சில் உட்கார்ந்த அஞ்சலை ஈயக்குட்டையில் மூழ்கிப் போனாள். ஈயம் தோண்டிவிட்டு அப்படியே விட்டுப்போன குழி. கரையிலிருந்து நாலு எட்டு வைத்தால் தரை கிடையாது. அவளைத் தூக்கி வந்தபோது பின்னலில் என் நீல ரிப்பன். நான்தான் காலையில் கட்டிவிட்டிருந்தேன். செரண்டாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் அதே மாதிரி ஒரு குட்டை. இவர் அதில்தான் பழகப் போகிறாராம்.

என் நிபந்தனைகள் (பிறகு மாற்றிப் பேசக்கூடாது என்று எழுதி வைக்கிறேன்):
நானும் வந்து பார்த்துத்தான் வாங்குவது.
லைஃப் ஜாக்கெட் இல்லாமல் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது.
பூசை போடாமல் இறக்கக்கூடாது.
தேவி ஏறவே கூடாது.

எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றார். அந்த வேகம்தான் பயமாக இருக்கிறது.

7 ஜூன், ஞாயிறு

கோல சிலாங்கூர். ஒன்றரை மணி நேரம் கார். தேவி இரண்டு தரம் வாந்தி. ஆற்றோரம் மீன் வாடை, சேறு, வெயில். மீன்படகு கட்டுகிற சீனத் தவுக்கே ஒருவர், பட்டறை முதலாளி, பெயர் ஆ சோங், அறுபது வயதிருக்கும். ஏதோ கிளப்புக்காகச் செய்த கெனூ மூன்று அவரிடம் நின்றுவிட்டன, கிளப்காரர்கள் எடுக்க வரவில்லை. எல்லாம் மலாயில்தான் பேச்சு.

ஒன்று பலகை. கனம், நாலு பேர் தூக்க வேண்டும். எங்கள் காருக்கு மேல் வைத்தால் கார் உட்கார்ந்துவிடும். தள்ளு.

இரண்டாவது சிவப்பு. ஃபைபர். நீளம், ஒடுக்கம், அடிப்பக்கம் உருண்டை. இவருக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது, தடவிக்கொண்டே நின்றார்.

மூன்றாவது மஞ்சள். குட்டை, அகலம், அடி தட்டை.

படித்துறையில் கட்டிப்போட்டு ஒவ்வொன்றிலும் என்னை உட்காரச் சொன்னார் தவுக்கே. சிவப்பில் ஒரு காலை வைத்தேன், உடனே ஆடியது. மூச்சு விட்டாலும் ஆடுகிறது. நான் போட்ட கத்தலில் எதிர்க்கரைக்காரன் வலையை விட்டுவிட்டுப் பார்த்தான். மஞ்சளில் உட்கார்ந்தேன். நம் வீட்டுப் பாயில் உட்கார்ந்த மாதிரி. அசையவில்லை.

தவுக்கே தலையை ஆட்டினார். சிவப்பு ஆடும், ஆனால் தானே நிமிர்ந்துகொள்ளும். தட்டை ஆடாது ஆடாது, ஒரு அளவுக்கு மேல் சாய்ந்தால் ஒரேயடியாகக் கவிழும் என்றார். இன்னொன்றும் சொன்னார். மஞ்சள் சின்னப் பிள்ளைகளுக்காக லேசாகச் செய்தது, ஃபைபர் இரண்டு அடுக்குதான். கல்லில் இழுக்கக்கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். இவர் என்னைப் பார்த்தார். அவர் சிவப்பைத்தான் கேட்கிறார், வாய் திறக்காமல்.

"மஞ்சள்தான். இல்லன்னா நானும் பிள்ளையும் இப்பவே பஸ் ஏறிடுறோம் லா."

மஞ்சள் வந்தது.  லைஃப் ஜாக்கெட் ஒன்றுதான் கிடைத்தது, ஆரஞ்சு, எலி கடித்த வார். வந்ததும் ஊசி நூல் எடுத்துத் தைத்தேன்.

9 ஜூன், செவ்வாய்

கார் நிறுத்துகிற இடத்தில் கெனூ. கார் வெளியே. மகள் தே. அதில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள், இறங்கமாட்டேன் என்கிறாள். இவர் பிளைவுட்டில் துடுப்பு செதுக்குகிறார், விசில் அடித்துக்கொண்டு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் விசில் அடித்து இப்போதுதான் கேட்கிறேன்.

எனக்குத் தூக்கம் சரியில்லை. அலுவலகத்தில் ஒரே கடிதத்தை இரண்டு தரம் டைப் செய்தேன். 

வெள்ளிக்கிழமை பூசை. கோயிலில் பூசை செய்கிற பண்டாரத்திடம் சொல்லியாகிவிட்டது. வாங்க: தேங்காய் 1, கற்பூரம், சந்தனம், எலுமிச்சம்பழம். எத்தனை? காருக்கு நாலு சக்கரத்துக்கு நாலு. மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு. கெனூவுக்கு? பண்டாரமே யோசித்தார்.

12 ஜூன், வெள்ளி

பூசை முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோயில் வாசல், சரளைக்கல் தரை. கெனூவுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. தீபம் காட்டினார். தேங்காய் நன்றாக உடைந்தது, அதில் குறையில்லை. கடைசியில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, இரண்டு எ. பழம் அடியில் வைத்தார் பண்டாரம். கார் என்றால் ஏற்றி நசுக்கிவிட்டுப் போகும். இது எங்கே நசுக்கும்? பழத்தின் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

போதும், வைத்ததே போதும் என்றார் இவர். பண்டாரமும் தலையாட்டினார். நான்தான் விடவில்லை. பழம் நசுங்காமல் போனால் திருஷ்டி எப்படிக் கழியும்? இவரை ஏறி உட்காரச் சொன்னேன். நசுங்கவில்லை. இரண்டு பழமும் பச்சைக் காய், கல் மாதிரி. பிறகு நானும் ஏறினேன். புடவையைத் தூக்கிக்கொண்டு, ஊரே பார்க்க. ஏறி உட்கார்ந்து ஒரு குதி குதித்தேன்.

டிக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று.

"ஆ, நசுங்கிருச்சு," என்றார் பண்டாரம். எல்லாரும் சிரித்தார்கள். எலுமிச்சம்பழம் டிக் என்று நசுங்குமா? 

13 ஜூன், சனி

இவர் காலை ஷிஃப்ட் போனதும் கெனூவைத் தனியாகப் புரட்டினேன். லேசுதான். அடியில் அப்பிய சந்தனம் காய்ந்திருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். இரண்டு இடத்தில் விரிசல். முன்னால் உள்ளது முடி அளவு. பின்னால் உள்ளது என் சுண்டுவிரல் நீளம், நகத்தை வைத்து அழுத்தினால் உள்ளே போகிறது.

சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? மஞ்சளைக் கேட்டது நான். பூசை கேட்டது நான். குதித்தது நான். ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். அதுகூடப் பரவாயில்லை. சொன்னால் ஒட்டிவிடுவார், ஒட்டிவிட்டுப் போவார். இல்லையென்றால் சிவப்பை வாங்கி வருவார்.

சொல்லாவிட்டால்? நாளைக்குக் குட்டைக் கரையில் முதல் தரம் இறக்கும்போதே தண்ணீர் ஏறும். கரையிலேயே, முழங்கால் தண்ணீரில். அதோடு ஆசை விட்டுப்போகும். ஜாக்கெட் இருக்கிறது. நானும் கூட நிற்பேன்.

பண்டாரம் கொடுத்த சந்தனம் மிச்சம் இருந்தது. குழைத்து மறுபடி பூசினேன், இரண்டு இடத்திலும்.  புரட்டி வைத்துவிட்டுச் சோறு வடித்தேன்.

14 ஜூன், ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. போகவில்லை. இவர் வாசலில் நின்று வானத்தையே பார்த்தார். பாவமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. சாரலில் ஈரம் ஏறாமல் நகர்த்துகிறேன் என்று கெனூவைத் தூக்கினார். அடியைப் பார்த்துவிடுவாரோ என்று உயிர் போய் வந்தது. சந்தனம் பார்த்துச் சிரித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

17 ஜூன், புதன்

இன்று சொல்லியிருப்பேன். வாய் வரை வந்தது. இவர் தாமே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மஞ்சள் எடுத்தது நல்லதாகப் போயிற்று, நீ சொன்னது சரி என்றார். இப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வேன்?

ஞாயிறு கரையில் நிற்பேன். கையைப் பிடித்து இழுத்துவிடுவேன். நாலு எட்டுக்கு மேல் விடமாட்டேன்.

தே. பல் ஒன்று ஆடுகிறது. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

20 ஜூன், சனி. சாயங்காலம்

எழுதி முடிக்க முடியுமா தெரியவில்லை. 

அரைநாள் வேலை என்று போனவளை ஓ.டி. என்று பிடித்துக்கொண்டார்கள். மூன்று மணிக்கு வீடு. பூட்டு. கெனூ இல்லை. கயிறு மட்டும் தரையில். பக்கத்து வீட்டு அக்கா, தண்ணீர்க் குடத்தோடு நின்று, சர்வ சாதாரணமாகச் சொன்னாள்: "அப்பாவும் மகளும் குட்டைக்குப் போயிருக்காங்க. புள்ளைக்கு ஜாக்கெட் போட்டு ஜோரா இருந்துச்சு."

ஜாக்கெட் அவளுக்கு என்றால் இவருக்கு இல்லை. இதுதான் முதலில் உறைத்தது.

ஓடினேன். செருப்பை எங்கே விட்டேன் தெரியாது. லாலாங் புல் காலைக் கிழித்தது. ஓடும்போது மாரியம்மா மாரியம்மா என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது, மனசில் அம்மன் வரவில்லை, ரிப்பன்தான் வந்தது.

கரைக்கு வந்தபோது கெனூ கவிழ்ந்து மஞ்சள் முதுகு மட்டும் தெரிந்தது. நடுவில். ஆரஞ்சு ஒன்று. அது அசைந்தது. தே. அழுகிற சத்தம் கேட்டது. அவள் அழுதாள், அது போதும். இவர் தலை தெரியவில்லை. எண்ண முடியாத நேரம் தெரியவில்லை. பிறகு கெனூவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது, தே.யின் ஜாக்கெட் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு. நான் தைத்த வார்.

கழுத்து வரை இறங்கிவிட்டேன். காலில் தரை இல்லை. எப்படி இழுத்தேன், யார் யாரை இழுத்தது, தெரியாது. மூன்று பேரும் சேற்றில் கிடந்தோம். தே.க்கு ஒன்றுமில்லை. இவர் குடித்த தண்ணீரை வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தார்.

நடுவில் போகும்வரை ஒரு அசைவு இல்லையாம். கணுக்கால் வரை தண்ணீர் வந்ததைப் பார்த்துத் திரும்பினாராம், அந்தப் பக்கம் தண்ணீர் ஓடி, ஒரேயடியாகக் கவிழ்ந்ததாம்.

"தவுக்கே ஏமாத்திட்டான்," என்றார். பேச்சு வந்ததும் சொன்ன முதல் வார்த்தை. நான் தே.யின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன்.

21 ஜூன், ஞாயிறு

மேகம், மழையில்லை. தே.யைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கெனூவைக் கார் மேல் கட்டிக்கொண்டு கோல சிலாங்கூர். வழியெல்லாம் இவர் தவுக்கேயைத் திட்டிக்கொண்டே வந்தார். 

பட்டறையில் வைத்துக் கத்தினார். என் பிள்ளை செத்திருப்பாள் என்று மலாயில் கத்தினார். மீன்காரர்கள் கூடிவிட்டார்கள். ஆ சோங் பக்கத்தில் வந்தார். கெனூவைப் புரட்டினார். கல்லில் இழுத்தாயா என்று கேட்டார். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தார் இவர், அது உண்மை. கிழவர் விரிசலைத் தடவினார். விரல் மஞ்சளானது. முகர்ந்து பார்த்தார். இரண்டு இடம், இரண்டிலும் சின்ன உருண்டைப் பள்ளம். விரிசலுக்குள் ஒரு விதை சிக்கியிருந்தது. கீழே என்ன வைத்தீர்கள் என்றார்.

அந்த மனுஷன் கை கறை படிந்து, நகமெல்லாம் பசை. ஊர் பார்க்க அவர் கள்ளன் என்றாகிவிட்டது. இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷி இல்லை.

"லிமாவ்," என்றேன், எலுமிச்சம்பழம். பூசை நான்தான் போடச் சொன்னேன், நான்தான் ஏறிக் குதித்தேன், விரிசலை மறுநாளே பார்த்தேன், சந்தனம் பூசி மறைத்தேன். மலாயில் பாதி, தமிழில் பாதி. இவருக்குப் புரியவேண்டிய பாதி தமிழில் வந்தது.

 ஆ சோங் கெனூவை மெதுவாக நிமிர்த்தி வைத்தார். இதை ஒட்டித் தருகிறேன், ஆனால் ஆழத்துக்கு இது வேண்டாம், சிவப்பு இன்னும் இருக்கிறது என்றார் என்னிடம். இவரிடம் சொல்லவில்லை.

இவர் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். நான் தவுக்கேயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சரி சரி என்று கையை ஆட்டினார்.

22 ஜூன், திங்கள்

நல்ல வெயில். தே. பல் விழுந்தது, கூரை மேல் போட்டாள். கருவாடு வாங்கினேன். கார் பழைய இடத்தில்.

நேற்றிலிருந்து இவர் ஒரு கோபம் காட்டவில்லை. சாப்பிட்டார், ஷிஃப்டுக்குப் போனார், வந்தார். கத்தினால் தேவலை. எப்போது என்ன வரும் என்று தெரியாமல் வீட்டுக்குள் நடக்கவே பயமாக இருக்கிறது.

சாயங்காலம் நானே போய் முன்னால் நின்றேன். தேவி ஏறுவாள் என்று சத்தியமாகத் தெரியாது, தெரிந்திருந்தால் என் உயிரே போனாலும் சொல்லியிருப்பேன் என்றேன். அழுதேன்.

இவர் செதுக்கின துடுப்பை மடியில் வைத்திருந்தார். அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"நான் ஏறுவேன்னு தெரியும்ல?"