கீழ்வீட்டுப் பத்திரம்

ரஷ்த்,
ஃபர்வர்தீன் மாதம் 14

அன்பு மகள் நஸ்தரனுக்கு,

அம்மா எழுதுவது. நலம் என்று தொடங்குவதுதான் முறை, அதனால் நலம். அப்பாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை எப்படியோ கிடைத்துவிடுகிறது. மழை நின்றபாடில்லை. புத்தாண்டுக்கு வெள்ளை மீன் வாங்கப் போய், விலையைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு மீனோடு திரும்பி வந்தேன். கொலோனில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆண்டு நல்லபடியாகப் பிறந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உன் தோழி ஷொஹ்ரேயின் அம்மா விடுமுறை முடிந்து நாளை உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறாள். இந்தக் கடிதத்தை உன் கையிலேயே தருவதாகச் சொல்லியிருக்கிறாள். போனில் பேச முடியாததை எல்லாம் இதில் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

நீ அவளிடம் சொல்லி அனுப்பிய செய்தி வந்து சேர்ந்தது. ஊர்மியேயில் ஓர் ஆள் இருக்கிறான், இருபதாம் தேதி உன் தங்கையை மலை வழியாகத் துருக்கிக்குள் கொண்டுபோய் விடுவான், அந்தப் பக்கம் நீ வந்து காத்திருப்பாய். எல்லாம் புரிந்தது. ரோஷனக்கின் வழக்கு இருபத்தைந்தாம் தேதி. ஐந்து வருஷத்துக்குக் குறையாது என்கிறார் வக்கீல். நீ நாளைக் கணக்காகத்தான் பார்த்திருக்கிறாய். ஆனால் நான் உன்னிடம் போனில் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவள் இப்போது ஜாமீனில் வெளியே இருப்பது கீழ்வீட்டு ஹாஜியின் வீட்டுப் பத்திரத்தின் பேரில். இருபத்தைந்தாம் தேதி அவள் நீதிமன்றத்தில் போய் நிற்காவிட்டால் அந்த வீடு அரசாங்கத்துக்குப் போய்விடும்.

ஆமாம், அதே ஹாஜி நெமத்துல்லாதான். மாடிப்படியில் ரோஷனக் முக்காடு இல்லாமல் இறங்கினால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "பொண்ணே, தலையில துணி எங்க?" என்று கேட்பாரே, அவர்தான். "உங்க கண்ணுக்கு ஒரு துணி கட்டிக்கங்க ஹாஜி" என்று இவளும் விடமாட்டாள். மொட்டை மாடியிலிருந்த டிஷ் ஆன்டெனாவை ஆள் வைத்துக் கழற்றச் செய்தது அவர்தான் என்று சந்தேகப்பட்டு, எட்டு மாதமாக நான் அந்த வீட்டோடு பேச்சை நிறுத்தியிருந்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உன் தங்கை செய்ததெல்லாம், தெருப் போராட்டத்தில் அடிபட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்த பையன்களுக்கு ஒரு தோழியின் சமையலறையில் வைத்துத் தையல் போட்டது. நர்ஸ் வேறென்ன செய்வாள்? குற்றப்பத்திரிகையில் அதற்கு ஒரு முழு வரி நீளத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாற்பத்தோரு நாள் உள்ளே வைத்திருந்துவிட்டு, அடமானமில்லாத வீட்டுப் பத்திரம் ஒன்று கொண்டுவந்தால் விடுகிறோம் என்றார்கள். நம் பத்திரம் வங்கியில் கிடப்பது உனக்குத் தெரியும். நவ்ரூஸ் புத்தாண்டு விடுமுறை தொடங்கிவிட்டால் அலுவலகத்தில் ஒரு ஈ காக்கை இருக்காது. நமக்கு இருந்தது ஒன்பது நாள்.

உன் பஹ்மன் மாமாவுக்குப் போன் செய்தேன். "அக்கா, வீடு என்னக்கா வீடு, என் உசுரைக் கேளு, இப்பவே தர்றேன்" என்றான். மறுநாள் போன் அணைந்திருந்தது. மூன்றாம் நாள் அவன் மனைவி எடுத்து, பத்திரம் ஏதோ கையெழுத்துக்காக நோட்டரியிடம் போயிருக்கிறது, புத்தாண்டுக்குப் பிறகுதான் வரும் என்றாள். உயிர் மட்டும்தான் கையிருப்பில் இருந்ததாம். சொந்தத் தம்பி. அவனுக்கு நான் இனி முகம் கொடுத்துப் பேசப் போவதில்லை.

இப்படி இருக்கையில் ஒரு மாலை கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஹாஜி, அந்த மரக்காலை ஒரு பக்கம் சாய்த்து நின்றுகொண்டிருக்கிறார். இவர் எதற்கு வந்திருக்கிறார், யாரைக் கூட்டி வந்திருக்கிறார் என்று அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை. உள்ளே வந்து உட்காரவும் மாட்டேன் என்றார். "ஃபரங்கீஸ் அம்மா, பத்திரம் தேடுறீங்கன்னு கேள்விப்பட்டேன். எங்க வீடு உங்க வீடுதான். எடுத்துக்கங்க" என்றார்.

ஜெர்மனிக்குப் போன புதிதில் பக்கத்து வீட்டுக்காரி சாப்பிடக் கூப்பிட்டபோது ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவள் மறுபடி கேட்பாள் என்று பசியோடு உட்கார்ந்திருந்ததாக நீதானே சொன்னாய். இங்கே நாங்கள் இன்னும் அந்தத் தாரோஃப் உபசாரத்தில்தான் குடித்தனம் நடத்துகிறோம். கொடுப்பவன் மனசில் இல்லாவிட்டாலும் மூன்று தடவை கொடுக்கிறேன் என்பான். வாங்குகிறவள் உயிரே போனாலும் மூன்று தடவை வேண்டாம் என்பாள். நானும் அப்படியே சொல்லித் தொலைத்தேன். "உங்க நிழல் எங்க மேல இருந்தா போதும் ஹாஜி." அவர் இரண்டாம் முறை சொன்னார். "உங்களுக்கு அந்தச் சிரமம் வேணாம்." மூன்றாம் முறை சொன்னார். "கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுள் தரட்டும்" என்றேன். அவர் தலையைக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போய்விட்டார்.

கதவைச் சாத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. எட்டு மாதமாகப் பேசாத மனிதன் மரியாதைக்காக அந்தக் காலோடு மாடி ஏறி வருவானா? என் வாயாலேயே என் மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். காலையில் கீழே ஓடினேன். ஆனால் "அந்தப் பத்திரத்தைக் கொடுங்கள்" என்று கேட்க நாக்கு எழவில்லை. தண்ணீர் பம்பு சத்தம் போடுகிறது, பார்க்க வேண்டும் என்று ஏதோ உளறிவிட்டு மேலே வந்துவிட்டேன். அறுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு முட்டாள்.

அன்று மத்தியானம் ஹாஜியின் மனைவி பதூல் மேலே வந்தாள். சாதோர் போர்வைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய பத்திரத்தை எடுத்து ஷூ அலமாரி மேல் வைத்தாள். "அக்கா, பம்பைப் பத்திப் பேச வந்தீங்களாம். இதை மறந்துட்டுப் போயிட்டீங்க" என்றாள். நான் அழுதுவிட்டேன். "எங்க ஆளு சொல்லச் சொன்னாரு. படிக்கட்டுல முக்காடு போடலைன்னா உங்க பொண்ணை அவரு திட்டுவாராம். வேற எவனும் திட்டக் கூடாதாம்" என்றாள்.

விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாளில் ரோஷனக் வெளியே வந்தாள். மெலிந்திருக்கிறாள். முடி கொட்டியிருக்கிறது. அதெல்லாம் சாப்பிட்டால் சரியாகிவிடும். எனக்குத் தாங்காதது ஒன்றுதான். கழிப்பறைக்குப் போக எழுந்தால் முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள், நான் தலையசைக்கிற வரைக்கும் நிற்கிறாள். சொந்த வீட்டில். மறுபடி அவளை அங்கே அனுப்பினால் எது திரும்பி வரும் என்று எனக்குத் தெரியாது. அதனால் நீ சொல்லி அனுப்பிய செய்தியைக் கேட்டபோது முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அதை மறைக்க மாட்டேன். கீழ்வீட்டு நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

அப்பாவிடம் சொன்னேன். "அந்த மனுஷன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் தாயக்கட்டையை எடுத்து வைத்துக்கொண்டு தனியாகவே இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தார். அவரால் ஒன்றும் ஆகாது என்று, பதினோராம் தேதி நானே ஒரு தட்டில் இனிப்பு எடுத்துக்கொண்டு கீழே போனேன். வெளிப்படையாக எதையும் கேட்கவில்லை. வழக்குத் தேதியைச் சொன்னேன். வக்கீல் சொன்னதைச் சொன்னேன். நீ அங்கே தங்கையை நினைத்துத் தவிக்கிறாய் என்று சொன்னேன். அவ்வளவுதான்.

ஹாஜி எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். "அம்மா, வீடுங்கிறது செங்கலும் சிமென்ட்டும்தான். பொண்ணு போகணும்னா போகட்டும்" என்றார். அப்படிச் சொல்லாதீர்கள் என்றேன். மறுபடி சொன்னார். மறுத்தேன். மூன்றாம் தடவையும் சொன்னார், மறுத்தேன். அவர் அதோடு நிறுத்தவில்லை. "போருக்கு ஒரு காலைக் குடுத்தேன், குடுக்கிறியான்னு யாரும் என்னைக் கேட்கலை. இதை நானா குடுக்கிறேன். விடுங்க" என்றார். அது நான்காவது தடவை. மரியாதைக்குச் சொல்கிறவன் மூன்றோடு நிறுத்திவிடுவான்.

அப்போதுதான் சுவரோரம் பார்த்தேன். பீங்கான் தட்டுகளெல்லாம் செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கியிருந்தது. கம்பளம் சுருட்டிக் கட்டியிருந்தது. கண்ணாடி அலமாரி காலி. நான் பார்ப்பதைப் பதூல் பார்த்துவிட்டு, "வீட்டைச் சுத்தம் பண்றேன் அக்கா" என்றாள். ரஷ்த்தில் எந்தப் பெண் புத்தாண்டு பிறந்து பத்து நாள் கழித்து வீட்டைச் சுத்தம் செய்வாள்? நாம் கேட்பதற்கு முன்பே, நமக்கு அப்படி ஒரு யோசனை வரும் என்று தெரிந்து, அவர்கள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள். எங்கே போவார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

நேற்று புத்தாண்டின் பதின்மூன்றாம் நாள். ஊரே சமோவாரையும் பாயையும் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்பியது. நாங்களும் ஆற்றோரம் போனோம். முளைப்பாரியைத் தண்ணீரில் விட்ட பிறகு ரோஷனக்கைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன், ஊர்மியே ஆளைப் பற்றி, ஹாஜி சொன்னதைப் பற்றி. அட்டைப் பெட்டியைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"நீ அவர்கிட்ட கேட்டியாம்மா?" என்றாள்.

"கேட்கலை. தேதியைத்தான் சொன்னேன்" என்றேன்.

"அது கேட்டதுதான்" என்று சொல்லிவிட்டு, ஈரப் புல்லில் உட்கார்ந்து பாதாம் உரித்துத் தின்றாள்.

இன்று காலை தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு கீழே போனாள். ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை. நான் மாடிப்படியில் நின்று காது கொடுத்தேன். தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம். "அதை அங்க வைக்காதடி, அது மேல் தட்டுக்கு" என்று பதூல் அதட்டுகிறாள். "நீங்க அடுக்கினா பூகம்பம் வந்த மாதிரி இருக்கும், பேசாம உட்காருங்க" என்று இவள் பதில் சொல்கிறாள். ஹாஜி நடுவில் இருமுகிறார். கம்பளத்தைத் தட்டி விரிக்கும் சத்தமும் கேட்டது. நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மேலே வந்து எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொன்னாள்: "அஞ்சு வருஷம்னா அஞ்சு வருஷம். அவங்க வீட்டைத் தாண்டி நான் எந்த மலையும் ஏற மாட்டேன். அக்காகிட்ட சொல்லிடு." அப்பா அவள் நெற்றியில் முத்தமிட்டார். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, கன்னத்தில் ஒன்று வைக்கவும் தோன்றியது. சரி என்று தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அவள் சொன்னதை உன்னிடம் சொல்லிவிட்டேன். அவள் சொன்னதுதான் நியாயம். நாங்கள் வளர்த்த வளர்ப்பு அது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் தம்பியை வைத வாயால் நான் இன்னொருவர் வீட்டைக் கேட்க முடியாது. இதை எல்லாம் எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. நீயும் மாப்பிள்ளையும் குறையொன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். கடவுள் என் இரண்டு பெண்களையும் ஒரே கூரைக்கடியில் ஒருமுறையாவது எனக்குக் காட்ட வேண்டும். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

ரோஷனக் குளித்துக்கொண்டிருக்கிறாள். வருவதற்குள் உறையை ஒட்டிவிட வேண்டும். இருபதாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது, நஸ்தரன். ஹாஜி நான்கு தடவை சொன்னார். ஊர்மியே ஆளிடம் வேண்டாம் என்று மட்டும் இப்போதே சொல்லிவிடாதே.

உன் அம்மா,
ஃபரங்கீஸ்