மூன்று வீடுகளுக்கான தண்ணீர்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று மதியம் குருவிநத்தத்தில் ஓட்டு வீடு ஒன்று எரிந்தது. தீயணைப்பு வண்டியோடு நாங்கள் போய் இறங்கும்போதே கூரை மரமெல்லாம் பற்றியிருந்தது. உள்ளே யாரும் இல்லை என்று முதலில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். பிறகு வீட்டின் நீள அகலத்தைக் கண்ணாலேயே அளந்தேன். வண்டியிலிருந்த தண்ணீர் பாதி வீட்டுக்குக்கூடக் காணாது. கரண்டை நிறுத்தியிருந்ததால் போர் மோட்டாரும் ஓடவில்லை. அடுத்த வண்டி டவுனிலிருந்து வர வேண்டும். பக்கத்தில் கீற்று வேய்ந்த வீடுகள் மூன்று இருந்தன. காற்று அந்தப் பக்கம்தான் அடித்தது.

"அந்தக் கீத்து வூடுங்கள மொதல்ல நனைங்கப்பா" என்றேன்.

எரிகிற வீட்டுக்காரம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "எரியறது என் வூடு சார். அங்க இன்னாத்துக்கு ஊத்துறீங்க?"

மூன்று வீடுகளும் தப்பின. அவருடைய வீட்டில் சுவர்கள்தான் மிச்சம்.

நாங்கள் கிளம்பும்போது மறுபடியும் வந்தார். பைக்கில் அடிபட்டு இறந்துபோன மகனின் சட்டையைத் துவைக்காமலே பீரோவில் வைத்திருந்தாராம்.

"அவன் வாசன அதுலதான் இருந்துச்சு. பீரோ மேல ஒரே ஒரு கொடம் ஊத்தியிருந்தா போதுமே சார்."

அந்தச் சூட்டில் ஒரு குடம் தண்ணீர் பீரோவைத் தொடுவதற்குள் ஆவியாகியிருக்கும். என் கணக்கில் தப்பில்லை. நாளைக்கு வேறெங்காவது எரிந்தாலும் இப்படித்தான் போடுவேன். அதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது?

"மன்னிச்சிக்கம்மா" என்றேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.