அப்பாவுக்குக் கொடுத்த மூன்று புள்ளிகள்

மார்ச் 3, செவ்வாய்

கணக்கு சார் ‘பை’யின் மதிப்பு என்ன என்று கேட்டார். என் புத்தகப் பையின் விலையைச் சொன்னேன். மீதிப் பாடம் முழுக்க வராந்தாவில். காற்றோட்டமான கல்வி.

சாயங்காலம் அப்பாவின் பூட்டு சாவிக் கடைக்குப் போனேன். ஊரில் உள்ள பூட்டையெல்லாம் திறக்கிற மனுஷர், பாதியில் சிக்கி நிற்கும் தன் கடை ஷட்டரை மட்டும் சரிசெய்ய மாட்டார். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சாவி வெட்டும் மெஷின் ஷட்டருக்கு நேர் கீழே. அதன் மேல் ரப்பர் பல்லியை வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அப்பா டீ குடித்துவிட்டு வந்தார், குனிந்தார், பார்த்தார், துள்ளி நிமிர்ந்தார். ணங்! ஷட்டர் விளிம்பில் உச்சந்தலை. அப்படியே தரையில் உட்கார்ந்து, நீ யார் என்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“வாலு, நாப்பத்திரெண்டு! எழுதிக்கோ.”

ரத்தமில்லை. சின்னப் புடைப்புதான்.

“அம்மாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் சேர்த்து விழும். கடைல நடந்தது?” என்றார் அப்பா.

“கடையோட!”

அதுதான் எங்கள் சட்டம். காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினேன்: வாலு 42, அப்பா 38. இன்னொரு சட்டமும் உண்டு. ‘இது விளையாட்டுதானே’ என்று முதலில் கேட்கிறவர் தோற்றவர்.

மார்ச் 4, புதன்

அப்பா நலம். பல்லியும் நலம்.

மார்ச் 14, சனி

பழிவாங்கத் தொடங்கிவிட்டார்! காலையில் ஸ்பூனைக் காட்டி, “அந்தச் சாவிய எடு” என்றார். நான் சளைத்தவளா? நிஜச் சாவியையே எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, அதை வைத்தே டீயைக் கலக்கினார். முகத்தில் ஒரு சிரிப்பில்லை. நடிகர் திலகங்கள் எல்லாம் தள்ளி நிற்க வேண்டும்.

“ஒண்ணு திருந்தினாத்தானே இன்னொண்ணு திருந்தும்” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்பா 39.

மார்ச் 21, சனி

வலது காலில் மட்டும் செருப்போடு கடைக்குக் கிளம்பினார். “இடது காலுக்கு லீவாப்பா?” என்றேன். காலைக் குனிந்து பார்த்தார், நடந்தார். தெரு முனை வரை அப்படியே. என்ன அழுத்தம்!

40.

மார்ச் 23, திங்கள்

என்னைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நானும் “என்னண்ணே?” என்றேன். 41.

தலைவலி என்று மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வந்து படுத்தாராம். அதை நடிப்பில் சேர்ப்பதா என்று தெரியவில்லை.

மார்ச் 25, புதன்

அப்பா வெட்டிக் கொடுத்த சாவி சேரவில்லை என்று சிவப்புக் குடை அக்கா மூன்றாம் தடவையாக வந்தாள். “அண்ணே, இது என் வீட்டுக் கதவைத் தவிர எல்லாக் கதவையும் திறக்கும்போல.” அப்பா அரத்தைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அக்கா சாவியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் பிசகாத கை அது.

“இது விளையாட்டுதானேப்பா?” என்று கேட்டேன். நான் தோற்றதாக அறிவிப்பார் என்று நின்றேன்.

“எது?” என்றார்.

மார்ச் 30, திங்கள்

அம்மா கிளினிக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன்.

“சமீபத்துல தலையில அடி கிடி பட்டுச்சா?” டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

“அதெல்லாம் இல்ல டாக்டர்” என்றாள் அம்மா.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். “இல்லையே.”

சட்டத்தைக் காப்பாற்றுகிறாரா, மறந்தேவிட்டாரா? நான் கணக்குப் போட்டேன். இருபத்தேழு நாள். புடைப்பு இரண்டே நாளில் வற்றிப்போனது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தவிர, அம்மா முன்னால் எப்படி —

வாயைத் திறக்கவில்லை. ஒரு வாயாடிக்கு இது சாதனை.

பிரஷர், தூக்கமின்மை என்று மாத்திரை எழுதினார். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

ஏப்ரல் 1, புதன்

இன்றைக்குப் பள்ளியில் யாரையும் ஏமாற்றவில்லை. வீட்டில் ஏமாற்றிக்கொண்டிருப்பது போதும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அப்பா எழுந்திரிக்கல. காலைல எவ்ளோ உலுக்கினாலும் பாதிக் கண்ணு திறக்குது, திரும்ப மூடிக்குது. வாய் ஒரு பக்கமா இறங்கியிருக்கு. இடது கையைத் தூக்கிவிட்டா சொத்துன்னு விழுது.

பெரியாஸ்பத்திரி. அவசரப் பிரிவில் ஒரு டாக்டரக்கா அப்பாவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தபடியே கேட்டாள்: “அடி ஏதும்?”

“இல்லம்மா” என்று அம்மா சொல்ல ஆரம்பித்தாள்.

“பட்டுச்சு” என்றேன். “மார்ச் மூணாம் தேதி. ஷட்டர்ல. நான் பல்லி வச்சேன். ரப்பர் பல்லி. அதனால.”

அம்மா திரும்பிப் பார்த்தாள். டாக்டரக்கா பல்லியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதாவது சாப்பிடுறாரா?” என்றாள்.

“இதயத்துக்கு. நாலு வருஷமா” என்றாள் அம்மா. அவள் வேலை செய்வதே மருந்துக் கடையில்தான். சொல்லும்போதே அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

ஸ்ட்ரெச்சர் ஓடியது.

ஏப்ரல் 6, திங்கள்

நேற்றே ஆபரேஷன் முடிந்தது. மண்டையோட்டில் இரண்டு துளை போட்டு ரத்தத்தை வடித்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லையாம். அப்பா இன்னும் என்னிடம் பேசவில்லை.

டாக்டரக்கா ஸ்கேன் படத்தைக் காட்டினாள். வலது பக்கம் பிறை மாதிரி ஒரு பட்டை, மூளையையே ஒதுக்கித் தள்ளிக்கொண்டு. “வயசாக ஆக மூளை லேசா சுருங்கும். அதுக்கும் மேல் உறைக்கும் நடுவுல இருக்கிற மெல்லிய ரத்தக்குழாயெல்லாம் இழுபட்டு நிக்கும். சின்ன அடியே போதும். அந்த மாத்திரையும் இருந்தா கசிவு நிக்காது. அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. வாரக்கணக்கில சேர்ந்து சேர்ந்துதான் அழுத்தும். பேச்சு மாறும், நடை மாறும், கோபம் வரும், தூக்கமா வரும்.”

ஸ்பூன். செருப்பு. அரம். ஒவ்வொன்றாகச் சொன்னாள், பக்கத்தில் இருந்து பார்த்தவள்போல. பக்கத்தில் இருந்தவள் நான்.

“போன திங்கக்கிழமையே நான் சொல்லியிருந்தா?”

படத்தை உறைக்குள் போட்டாள். “அன்னிக்கே ஸ்கேன் எடுத்திருப்பாங்க.”

பொய் சொல்லாததற்கு அவளுக்கு நன்றி. பொய் சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அம்மா இன்னும் திட்டவில்லை. டம்ளரை உடைத்தால் ஒரு வாரம் திட்டுகிறவள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தோம். அம்மா பொத்தானைப் பார்த்தபடி சொன்னாள்: “தலைவலின்னு சொன்னப்பல்லாம் நான்தான்டி வலி மாத்திரையும் குடுத்தேன், இதய மாத்திரையையும் கையில குடுத்தேன். ஊரெல்லாம் வந்து எங்கிட்ட மருந்து கேக்குது.”

“அம்மா —”

“சட்டைய ஒழுங்கா மடி.”

மடித்தோம். அதற்கப்புறம் அவள் அழுதாள். நானும்.

மே 3, ஞாயிறு

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். இடது கால் இழுக்கிறது. தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கம் சோறு இருப்பதே தெரிவதில்லை. நான் தட்டைத் திருப்பி வைக்கிறேன்.

சாயங்காலம் தனியாகக் கடைக்குப் போனேன். காலண்டரில் 39, 40, 41 மூன்றையும் அடித்தேன். உதவி கேட்டுக் கூப்பிட்ட மனுஷருக்கு மூன்று தடவையும் புள்ளி கொடுத்திருக்கிறேன். அப்புறம் என் 42-ஐயும் அடித்தேன். பல்லியைக் கண்ணில் படாத மூலைக்கு எறிந்தேன்.

மே 24, ஞாயிறு

‘பை’ கதையை அப்பாவிடம் சொன்னேன். கடைசி வரை கவனமாகக் கேட்டார்.

“பை விலையை எதுக்கு கேட்டாரு?” என்றார்.

பயிற்சி கொடுக்க வருகிற அண்ணன் சொன்னார்: மூளையில் அடிபட்ட பக்கம் அப்படி. கதை புரியும், அதில் இருக்கிற குறும்பு பிடிபடாது. கொஞ்சம் திரும்பி வரலாம். எவ்வளவு என்று சொல்ல முடியாது.



ஜூன் 14, ஞாயிறு

கடையைத் திறந்தோம். ஷட்டர் இப்போது முழுசாக மேலே ஏறுகிறது. அம்மா ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டாள். அப்பா சாவி வெட்டுவதில்லை. வலது கையால் பழைய சாவிகளைப் பிரித்துப் போடுகிறார்.

வீட்டுப்பாடம் எழுத என் ஜாமெட்ரி பெட்டியைத் திறந்தேன். உள்ளே ரப்பர் பல்லி!

வீல் என்று கத்திவிட்டேன். பயம் அரை நொடிதான். அதற்கடுத்த அரை நொடியில் எனக்கு எல்லாமே திரும்பக் கிடைத்துவிட்டது. “அப்பா! நீங்களா வச்சீங்க?”

“கீழ கிடந்துச்சு. உன்னோடதுதானே? அதான் உள்ள வச்சேன்.”

சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க முயலவும் இல்லை. சாவித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

“எதுக்கு கத்தின? தலையில அடி பட்டுச்சா?”

“இல்லப்பா.”

நம்பவில்லை. வலது கையை என் உச்சந்தலையில் வைத்து, புதுச்சாவியின் விளிம்பில் பிசிறு தேடுகிற மாதிரி, ஒரு இடம் விடாமல் தடவிப் பார்த்தார்.

“பட்டா அம்மாகிட்ட சொல்லிடணும்.”

“சொல்லிடறேன்பா.”

“அன்னிக்கே சொல்லிடணும்.”