சிவப்புப் பூவுக்கு மின்ட், வெள்ளைப் பூவுக்கு உபுண்டு

ஆடி 4, ஞாயிறு

விடிந்ததிலிருந்து சாரல். குரங்கணிப் பக்கம் மலையே தெரியவில்லை. துணி காயாது. அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்கு.

மதியம் கறிவேப்பிலை கேட்டு ஓரகத்தி செல்வி வீட்டுக்குப் போனேன். கட்டிலில் லேப்டாப்பை விரித்து வைத்து உட்கார்ந்திருக்கிறாள். மூன்று வருடம் பரணில் கிடந்த பழசு. தட்டினாள், உடனே வந்துவிட்டது. லினக்ஸாம். அதில் மின்ட் என்று ஒரு வகையாம். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமாம். என்னிடம் இருப்பது மகள் தேன்மொழி பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. திறப்பதற்குள் உலை கொதித்துவிடும்.

யார் போட்டுக் கொடுத்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நம்ம தேனுதான்க்கா. வைகாசில வந்தப்ப போட்டுக் குடுத்துட்டுப் போனா."

என் மகள். நான் பெற்றவள். கோயம்புத்தூரிலிருந்து நாலு நாள் லீவில் வந்து, என் கையால் தின்றுவிட்டு, சித்திக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

கறிவேப்பிலையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். ரசம் தாளிக்கவில்லை.

இனி இந்த நோட்டில் அவள் செ. மட்டும்தான். முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.

ஆடி 5, திங்கள்

காற்று. ஸ்டோரில் ஏலக்காய் பொறுக்கும் சோலி. முட்டி வலி.

அங்கே கேள்விப்பட்டது: வெள்ளிக்கிழமை விளக்குப் பூசைக்குப் பாட்டுத் தாள் செ. அடித்துத் தருகிறாளாம், கம்ப்யூட்டரில். பதினைந்து வருடமாகப் பாட்டுத் தாள் என் கையெழுத்து. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செ.யிடம் இருப்பது, என்னிடம் இல்லாதது:
வேகமான லேப்டாப்.
பாட்டுத் தாள்.
புளிக்காத மாவு.
ஞாயிறுதோறும் என் மகளின் வீடியோ கால். (இதுவும் இன்றுதான் தெரிந்தது.)

சாயங்காலம் தேனுவுக்குப் போன். மின்ட்டை விட ஒசத்தி எது என்று கேட்டேன். ஒசத்தி தாழ்த்தி இல்லையாம். புதுசாகப் பழகுகிறவர்களுக்கு மின்ட்டும் நல்லது, உபுண்டு என்று லினக்ஸில் இன்னொரு வகை, அதுவும் நல்லது. மின்ட் பழைய சிஸ்டம் மாதிரியே இருக்கும், பழைய மெசினுக்குப் பாரமில்லை. உபுண்டு வேறு மாதிரி, படமெல்லாம் இடது பக்கம். இரண்டையும் தனித்தனி பென் டிரைவில் போட்டு சித்தியிடம் கொடுத்திருக்கிறாளாம். சித்தியிடம் ஏன்?

"நீ கேட்டாத்தான் குடுக்கணும்னு சொல்லி வச்சேன். நாங்களா குடுத்தா, எனக்குத் தெரியாதான்னு கோவிச்சுக்குவே."

அப்புறம் பென் டிரைவைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வைகாசியில் என் வயிறு எரிந்த கதையைச் சொன்னேன். வைகாசியில் எனக்குத் தெரியவே தெரியாது, இருந்தாலும் சொன்னேன். சரிம்மா வைக்கிறேன் என்றாள்.

ஆடி 6, செவ்வாய்

செ. வீட்டுக்குப் போய்க் கேட்டு வாங்கினேன். வாய் திறக்காமல் எடுத்துக் கொடுத்தாள். கூடவே ஞாயிற்றுக்கிழமை விட்டுவந்த கறிவேப்பிலை, ஈரத்துணியில் சுற்றி. இவள் இப்படித்தான். பேசவே மாட்டாள், நல்ல பேர் மட்டும் வாங்குவாள்.

ஒரு பென் டிரைவில் "ம", இன்னொன்றில் "உ". தேனு எழுத்து.

எதைப் போடுவது? மனுசரிடம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். காளியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தேன். செவ்வரளி வந்தால் மின்ட், நந்தியாவட்டை வந்தால் உபுண்டு. இரண்டு பொட்டலம், அம்மன் காலடியில்.

பூசாரி கேட்டார், "மகளுக்கு எடம் பாக்குறீகளா?"

மக விசயம்தான் என்றேன். பொய் இல்லை.

பிரித்தார். செவ்வரளி.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. நல்ல எடமாத்தான் இருக்கும்."

செ. போட்டிருப்பதையே நானும் போடவா? வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் மறுபடி கட்டி, கண்ணை மூடி எடுத்தேன். செவ்வரளி. மூன்றாவது தடவை கேட்கக் கூடாது. தெரியும். கேட்டேன். நந்தியாவட்டை.

ஆடி 7, புதன்

சோலிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

"உ" செருகினேன். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று தேனு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறாள். திரை வந்தது. சும்மா போட்டுப் பார்க்கவா, மெசினில் ஏற்றிவிடவா என்று கேட்டது. மேலே வைத்துப் பார்க்காமல் யாராவது சேலை எடுப்பார்களா? போட்டுப் பார் என்பதை அமுக்கினேன்.

அழகு. தமிழ் எழுத்து வரவைக்க ஒரு மணி நேரம். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அம்மன் பாட்டு பதினொன்றையும் அடித்தேன். இடையில் கஞ்சி மட்டும். ஐந்து மணிக்கு முடித்து, சேமித்து, அணைத்து, லேப்டாப்புக்குக் குங்குமம் வைத்தேன். நாளைக்குக் கடையில் கொடுத்து முப்பது தாள் எடுக்க வேண்டும். செ. முந்துவதற்குள்.

ஆடி 8, வியாழன்

ஒன்றும் இல்லை.

பதினொரு பாட்டும் இல்லை. பென் டிரைவைச் செருகித் திறந்தால் இன்றைக்குத்தான் பிறந்த மாதிரி நிற்கிறது. உருவிவிட்டுத் திறந்தால் பழைய சிஸ்டம், பழைய மந்தம். மூன்று தடவை பார்த்தேன்.

மூன்றாவது பூவுக்குத் தண்டனை. வேறு என்ன.

ஸ்டோரில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள், மாப்ள எந்த ஊரு என்று. பூசாரி வாய்.

ஆடி 9, வெள்ளி

விளக்குப் பூசை. நல்ல கூட்டம். செ. தாள் கொண்டுவந்தாள். பெரிய பெரிய எழுத்து, சுற்றிலும் கோலம் மாதிரிக் கரை. கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். என் காதில் விழும்படியே சொன்னார்கள்.

வரி வரியாகப் பார்த்தேன். என் பழைய தாளைப் பார்த்துத்தான் அடித்திருக்கிறாள். நாலாம் பாட்டில் நான் விட்டிருந்த வரியை அவளும் விட்டிருக்கிறாள்.

தாளைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு, விட்ட வரியையும் சேர்த்துச் சத்தமாகப் பாடினேன். பொங்கல் சாப்பிடவில்லை.

ஆடி 10, சனி

சாரல் விட்டிருக்கிறது. தேனுவுக்கு லீவு. பத்து மணிக்குக் கூப்பிட்டுப் பாட்டு போன கதையைச் சொன்னேன். பூ விசயம் சொல்லவில்லை.

"அன்னிக்கு அதத்தாம்மா சொல்லிட்டிருந்தேன். பென் டிரைவ்ல பாக்குறது ஒத்திகைதான், அணைச்சா எதுவும் நிக்காதுன்னு. நீ கேக்கல."

ஆறு நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டே விட்டேன். சித்திக்கு ஏன் முதலில்?



"சித்தி நான் சொல்றத முழுசாக் கேட்டாங்கம்மா. உங்கிட்டதான் மொதல்ல உக்காந்தேன். நான் ஒண்ணு சொன்னா நீ ஒம்பது பேசுனே. அப்புறம் பஸ்சுக்கு நேரமாயிருச்சு."

உட்கார்ந்தாளா? ஞாபகம் இல்லை. நான் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

"ம" எடுத்தேன். அம்மன் சொன்னது. அவள் சொல்லச் சொல்ல அமுக்கினேன். ஏற்றினால் மெசினில் இருப்பதெல்லாம் அழிந்துவிடுமாம்; போட்டோ எல்லாம் வைகாசியிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டாளாம். ஏற்று என்பதை அமுக்கியதும் ஒரு கோடு மெதுவாக நீள ஆரம்பித்தது. இனி காத்திருக்க வேண்டியதுதான் என்றாள்.

சொல்ல என்னிடம் நாலு இருந்தது. மாப்ள கதை, நாலாம் பாட்டு, முட்டி, கறிவேப்பிலை. பல்லைக் கடித்துக்கொண்டேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

கோடு பாதி வந்தபோது அவளாகப் பேச ஆரம்பித்தாள். ஆபீசில் பக்கத்து சீட்டுப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாளாம். ஒரு மாதமாக மதியச் சாப்பாடு தனியாகத்தானாம். சில நாள் டப்பாவைத் திறக்காமலே கொண்டுவந்துவிடுகிறாளாம். இதெல்லாம் செ.வுக்குத் தெரிந்திருக்கும். ஞாயிறுதோறும் கேட்டிருப்பாள். வாயைத் திறக்கவில்லை.

"ம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் ஆத்தா. சொல்லு."